அறுநூற்றுப் பதினெட்டில் ஒரு கோப்பி

எங்கள் தோட்டத்தில் ஒரு படம் நன்றாக இருக்கிறது என்றால், அதை மாமனாரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று பொருள். கதை, நடிப்பு, பாட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் பாதையில் இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில், இந்தத் தீர்ப்பை வாரா வாரம் சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது. யாரும் நியமிக்கவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது வயது, பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தாயிற்று, வேலை இல்லை, வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. அப்படிப்பட்டவர்கள் வேறு என்னதான் ஆக முடியும்?

வீடியோக்காரர் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் இரண்டு பிளாஸ்டிக் பெட்டி, அதில் அந்த வாரம் கடைக்கு வந்த புதுப் படங்கள். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்து முன்னால் வண்டியை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். எல்லாப் படத்துக்கும் அவரிடம் ஒரே வாசகம்தான் இருந்தது.

"இத பாத்துட்டு அழுவாம எந்திரிச்சா என்னைய கேளு லா."

நகைச்சுவைப் படத்துக்கும் அதையே சொல்வார். அவர் ஒரு படத்தையும் பார்த்தவர் இல்லை. அட்டையில் யார் முகம் பெரிதாக இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிந்த சினிமா. அவரை நம்பி எடுத்துப்போய், விருந்தாளிகளை உட்காரவைத்துப் போட்டுப் பார்த்து, முதல் பாட்டிலேயே அவமானப்பட்ட குடும்பங்கள் எங்கள் லயத்தில் மூன்று இருந்தன. அதற்குப் பிறகுதான் என்னிடம் வரத் தொடங்கினார்கள்.

என்னிடம் வர இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டிலும் மெஷின் இருந்தது, படத்தை முன்கூட்டியே பார்த்துச் சொல்ல முடியும். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார், செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோவார். மாற்றலாகிப் போன தோட்டத்து அலுவலகக் கிராணி ஒருவர், பெட்டி கனமாக இருக்கிறது என்று தன் பழைய வீடியோ மெஷினை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். மேலே மூடி திறந்து டேப்பை உள்ளே அமுக்கும் வகை. அமுக்கும்போது அது முனகும். எங்களுக்கும் பழக்கமாகிவிட்டது, யாராவது அமுக்கினால் நாங்களும் கூடவே முனகுவோம்.

படம் தெளிவாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கேயோ ஒரு கொட்டகையில் பிடித்ததை வேறெங்கோ நகல் எடுத்து, அதையும் நகல் எடுத்து எங்களிடம் வரும். கதாநாயகனுக்கு மூக்கு இருக்கிறது என்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொண்டோம். கதாநாயகி உயிர்விடும் நேரத்தில் அவள் நெற்றியின் குறுக்கே ஒரு நகைக்கடை விளம்பரம் ஓடும். அப்படியும் எங்கள் லயத்துப் பெண்கள் அழுதார்கள். விளம்பரம் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு அழுதார்கள்.

நான் ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பேன். சனிக்கிழமை மத்தியானம் அம்மா வேலை முடிந்து வந்து குளித்ததும், நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு புதுப் படத்தைப் பார்ப்போம். நான்கு மணிக்கெல்லாம் தீர்ப்பு தயார். சிலவற்றை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். "சண்டைப் படம். பிள்ளைகள் பார்க்கலாம், பெரியவர்கள் தூங்கலாம்." "சாமி படம். அம்மன் வரும்போதெல்லாம் படம் ஆடுகிறது. அருளா, டேப்பா தெரியவில்லை." "குடும்பப் படம். அழுகை ஐந்து. கடைசியில் கல்யாணம், அதுவும் அழுகைதான்." இப்போது படித்தால் எனக்கே கொஞ்சம் திமிர் தெரிகிறது. அப்போது அதை நான் அறிவு என்று நினைத்திருந்தேன்.

ஆனால் ஊர் கேட்டு வந்தது என் எழுத்தை அல்ல, எண்களை. மெஷினின் முகப்பில் தண்ணீர் மீட்டரில் இருப்பதுபோல் நான்கு சின்னச் சக்கரங்கள், டேப் ஓட ஓட எண்கள் புரளும். டேப்பின் தொடக்கத்தில் பூஜ்யத்தில் வைத்துவிட்டால் எந்தக் கட்டம் எந்த எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொள்ளலாம். நான் குறித்தது ஒரே வகைக் கட்டத்தைத்தான். மழையில் பாட்டு, அருவியில் பாட்டு, முதலிரவில் பால் சொம்பு. "412 முதல் 437 வரை" என்று எழுதியிருந்தால் அதற்குமேல் விளக்கம் எழுத வேண்டியதில்லை. பக்கத்து லயத்து அக்காமார்கள் சாயங்காலம் வந்து, "தங்கச்சி, நம்பர் இருந்தா குடேன்," என்று மெதுவாகக் கேட்பார்கள். பள்ளியில் நான் கணக்கில் வாங்கிய புள்ளிகளைப் பார்த்த ஆசிரியர் இதைக் கண்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்.

எண் எதற்கென்றால், அந்த நேரத்தில் யாராவது திரையை மறைக்க வேண்டும். டேப்பை ஓட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. ஓட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மறைப்பது தற்செயலாக நடப்பதுபோல் நடக்க வேண்டும். இதில் எங்கள் அம்மாவை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. எண் நெருங்கும்போது அடுப்படிக்குப் போவாள். சரியான எண்ணில் கோப்பித் தட்டோடு வந்து, டிவிக்கு முன்னால் நின்று, ஒவ்வொருவருக்கும் சீனி போதுமா என்று விசாரித்து, டம்ளரைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பாள். அப்பா அதே நேரத்தில் லோரி டயர் பற்றிப் பேசத் தொடங்குவார். விருந்தாளிகள் கோப்பியையே பார்ப்பார்கள். பாட்டு முடிந்ததும் அம்மா நகர்வாள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் படம் பார்க்க வந்தவர்கள் குடித்த கோப்பிக்கு அளவே இல்லை.

இப்படி ஊருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ரவாங்கிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பெண்கள் தங்க வீடு அவர்களே கொடுப்பார்கள். அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் காலை வந்து சேர வேண்டும். நான் அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள். எனக்குப் போக வேண்டும். செம்பனைத் தோப்புக்குள் உதிர்ந்த பழம் பொறுக்கி, இருபத்து மூன்றில் கல்யாணமாகி, இன்னொரு லயத்தில் வேறு யாருக்கோ கோப்பித் தட்டோடு நிற்க எனக்கு விருப்பமில்லை. இவ்வளவு தெளிவாக அப்போது சொல்லத் தெரியவில்லை, ஆனால் விருப்பமில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பெரியப்பா வரட்டும், அவரு சொல்லட்டும்," என்றார். ஐந்து டன் லோரியைக் குறுகலான மண் பாதையில் பின்னுக்கு எடுக்கும் மனிதர், வீட்டு விஷயத்தில் மட்டும் அண்ணனைக் கேட்காமல் முன்னுக்கும் போக மாட்டார், பின்னுக்கும் போக மாட்டார்.

பெரியப்பா சுங்கை பெசாரில் இருந்தார். அங்கே கோயில் கமிட்டித் தலைவர். பெண்கள் கெட்டுப்போவதற்குச் சினிமாதான் காரணம் என்று திருவிழா மேடையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசியவர். அவர் வீட்டில் வீடியோ கிடையாது. பெரியம்மாவைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கொட்டகைப் பக்கம் விட்டதும் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும், "புள்ளைங்க ஆசப்படுது, போடுங்க," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தான் ஏதோ தண்டனை அனுபவிப்பவர்போல் உட்காருவார். வருகிற ஞாயிறு அவரும் பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மறுவாரம் திங்கள் நான் ரவாங்கில் இருக்க வேண்டும். அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில்தான் என் பயணம் இருந்தது.

ஊருக்கே படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் எனக்கு ஒரு படம் தேர்ந்தெடுக்க மாட்டேனா? அந்த வெள்ளிக்கிழமை வீடியோக்காரரின் பெட்டியையே கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று புதுப் படங்கள். ஒன்றில் கதாநாயகன் தங்கையை வெட்டியவனை வெட்டுகிறான், ரவாங்குக்கு அது உதவாது. இன்னொன்று பக்திப் படம், அதில் பெண்கள் எல்லாரும் வீட்டிலேயே இருந்து வரம் வாங்குகிறார்கள், அது இன்னும் ஆபத்து. மூன்றாவதுதான் எனக்காகவே எடுத்ததுபோல் இருந்தது. ஏழைக் குடும்பத்து மூத்த மகள் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறாள். எல்லாரும் பழிக்கிறார்கள். அவள் முதல் சம்பளத்தில் அப்பாவுக்குச் செருப்பு வாங்கி வந்து, வெறும் காலோடு நடந்தே பழகிய அந்த மனிதரின் காலில் தானே மாட்டிவிடுகிறாள். அவர் எழுந்து இரண்டு அடி நடந்து பார்த்து அழுகிறார்.

சனிக்கிழமை பார்த்தபோது அந்தக் கட்டத்தில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு ஒரே சந்தோஷம். கல்லும் கரைகிறது, பெரியப்பா கரையாமல் எங்கே போவார் என்று கணக்குப் போட்டேன். நோட்டில் "செருப்பு, மிக முக்கியம்" என்று கோடு போட்டு எழுதினேன். படத்தில் ஒரே ஒரு மழைப் பாட்டுதான், செருப்புக் கட்டம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து. 618 முதல் 655 வரை. அம்மாவிடம் எண்ணைச் சொன்னேன். "அறுநூத்தி பதினெட்டு," என்று அவள் ஒரு முறை திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

டேப்பைப் பின்னுக்கு ஓட்டும்போது மெஷின் ஒரு முறை பெரிதாக முனகி நின்றது. உள்ளே பெல்ட் அறுந்துவிட்டது. நான் அழாத குறை. அப்பா போய்த் தோட்டத்து மருந்தகத்து டிரெசரிடம் பேச, அவர் குடும்பத்தோடு கிள்ளானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதால் தன் மெஷினையே தந்துவிட்டார். புது வகை மெஷின். டேப்பை முன்பக்கம் காட்டினாலே தானாக விழுங்கிவிடும். எண்கள் சக்கரம் இல்லை, பச்சை விளக்கில் பளிச்சென்று எரிந்தன. அடுப்படி வாசலிலிருந்தே படிக்கலாம். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு," என்றாள்.

எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாத ஒன்று உண்டு. அந்த எண்கள் மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரு மெஷினில் அறுநூறு என்றால் இன்னொன்றில் ஐந்நூற்று இருபதாக இருக்கலாம். நாங்கள் அதை ரோட்டோரத்து மைல்கல்போல் நினைத்திருந்தோம். எந்த வண்டியில் போனாலும் மைல்கல் அங்கேதானே இருக்கும்? டிரெசரின் மெஷின் எங்களுடையதைவிட அவசரக்குடுக்கை, வேகமாக எண்ணும் வகை.

ஞாயிறு காலை பஸ்ஸில் தஞ்சோங் காராங் வழியாக அவர்கள் வந்து இறங்கினார்கள். பசியாறி, கோழிக்கறியோடு மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. அப்பா வாயைத் திறப்பார், கடிதத்தைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைப்பேன், மீண்டும் சோறு போட்டுக்கொள்வார். கடைசியில், "அண்ணே, புள்ளைக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு, பொறவு காட்டுறேன். மொதல்ல நல்ல படம் ஒண்ணு இருக்கு," என்றார்.

"எனக்கு இதெல்லாம் எங்க பழக்கம்? சரி, புள்ளைங்க ஆசப்படுது, போடு," என்றார் பெரியப்பா. வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான்தான்.

பிரம்பு நாற்காலியில் அவர், பக்கத்துப் பெஞ்சில் அப்பா, பாயில் பெரியம்மாவும் நானும். படம் ஓடியது. நான் திரையைப் பார்க்கவில்லை, பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்த மகள் பழிச்சொல் கேட்டபோது அவர் முகம் கொஞ்சம் இளகியது. அவள் பட்டணத்துக்குப் பஸ் ஏறியபோது துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்தார். நான் உள்ளுக்குள் ரவாங்குக்குப் பாதி வழி போய்விட்டேன். இதோ, சம்பள நாள். மகள் காகிதப் பொட்டலத்தோடு வீட்டு வாசலுக்கு வருகிறாள். அப்பா என்று கூப்பிடுகிறாள். பொட்டலத்தைப் பிரிக்கிறாள்.

அந்த நொடியில் அடுப்படியிலிருந்து அம்மா கோப்பித் தட்டோடு வந்து டிவிக்கு முன்னால் நின்றாள்.

மெஷினைப் பார்த்தேன். பச்சையாக 618. அம்மா சொன்ன சொல் தவறவில்லை. அவள் சேலை அகலத்துக்குத் திரை முழுவதும் மறைந்துவிட்டது. செருப்பும் இல்லை, காலும் இல்லை, அப்பனும் இல்லை. பின்னால் வயலின் மட்டும் அழுதுகொண்டிருந்தது. அம்மா பெரியப்பாவிடம் சீனி போதுமா என்று கேட்டாள். எங்கள் அப்பா, அவருக்குக் கோப்பி வந்தாலே அடையாளம், உடனே சுங்கை பெசார் வாய்க்காலில் தண்ணீர் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினார். நான் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன், உதட்டைக் கடித்தேன், பாயில் கையால் தட்டினேன். அவள் டம்ளரைத் துடைத்துக்கொண்டே நின்றாள். என்னால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. என்னவென்று சொல்வது? அம்மா, நீ மறைக்க வேண்டிய கட்டம் இது இல்லை என்றா?

அதைப் பெரியப்பா சொன்னார்.

"ஏம்மா, தள்ளி நில்லு. இது நல்ல கட்டம்மா, செருப்பு போட்டுவுடுவா. நீ மறைக்கிறது இன்னும் ரெண்டு கட்டம் தாண்டில்ல வருது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் விழுந்தது. அம்மா நகர்ந்தாள். அதற்குள் படத்து அப்பா செருப்போடு இரண்டு அடி நடந்து முடித்திருந்தார். யாரும் திரையைப் பார்க்கவில்லை. பெரியம்மா பாயிலிருந்து மெதுவாகத் திரும்பினார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கமிட்டி ஆளுங்க வீட்டுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன்."

"பாதியில வந்தவருக்குப் பின்னால வர்றது எப்படித் தெரியும்?"

பெரியப்பா கோப்பியைக் குடித்தார். பெரியம்மா விடவில்லை. "வியாழக்கெழம வியாழக்கெழம கமிட்டி மீட்டிங்குன்னு போறது இதுக்குத்தானா?" எங்கள் அப்பா வாய்க்காலை மறந்து கூரையைப் பார்த்தார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் சிரிக்கும் நிலையில் நான் இல்லை என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது.

பிடிபட்ட ஆணுக்குக் கோபம் வரும். பெரியப்பாவுக்கும் வந்தது. பெரியம்மாவிடம் காட்ட முடியாத கோபம் சுற்றிலும் பார்த்து, கடைசியில் என்மேல் வந்து உட்கார்ந்தது. "என்னமோ கடுதாசின்னு சொன்னியே, கொண்டா," என்று அப்பாவிடம் கை நீட்டினார். கடிதத்தை முழுவதும் படிக்கக்கூட இல்லை. "ரவாங்கெல்லாம் வேணாம். பொம்பளப் புள்ள வெளிய தங்குனா ஊரு நாலு விதமா பேசும். சினிமாவுல வேணா செருப்பு வாங்கிக்கிட்டு வருவாளுங்க." மடித்து அப்பாவின் மடியில் போட்டார்.

அந்த நாற்காலி, அந்தத் துண்டு, ஒலிபெருக்கியில் பேசும் அந்தக் குரல், எல்லாவற்றையும் வெறுத்தேன். நானே தேர்ந்தெடுத்த படம், நானே எழுதிய எண். இத்தனை நாள் ஊருக்கு மூடி மூடிக் காட்டிய கெட்டிக்காரத்தனம் என் தலையிலேயே விழுந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்பாமேல் வந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அப்போது பெரியம்மா, "அத கொஞ்சம் பின்னுக்குப் போடு," என்றார் என்னிடம். "அந்தச் செருப்பு கட்டத்த நான் பாக்கல."

பின்னுக்கு ஓட்டினேன். பெரியம்மா பாயிலிருந்து எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், எங்கள் அப்பா தானாகவே இடம் விட்டார். மகள் வந்தாள், பொட்டலம் பிரிந்தது, செருப்பு காலில் ஏறியது. பெரியம்மா அழவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, கணக்குப் பார்ப்பவர்போல் கூர்ந்து பார்த்தார். பிறகு மழைப் பாட்டு வந்தது. அம்மா பழக்கதோஷத்தில் எழுந்தாள்.

"ஒக்காரு தங்கச்சி," என்றார் பெரியம்மா. "இவரு ஏற்கெனவே பாத்துட்டாரு. நான்தான் பாக்கல."

எங்கள் வீட்டில் ஒரு மழைப் பாட்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை மறைக்காமல், பெரியவர்கள் நடுவில் ஓடியது அதுதான் முதல் முறை. அதில் ஒன்றுமே இல்லை. நனைந்த இருவர் ஒரு மரத்தைச் சுற்றி ஓடினார்கள், கீழே நகைக்கடை விளம்பரம் அவர்களோடு சேர்ந்து ஓடியது. பெரியப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பாட்டு முடிந்ததும், "இதுக்கா இவ்வளவு நாளு என்னைய வுடல?" என்றார். குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது.

படம் முடிந்ததும் அவர் பெரியப்பாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "சினிமா பாத்தா கெட்டுப்போயிருவாங்கன்னீங்க. வாரா வாரம் பாக்குறீங்களே, நீங்க கெட்டா போயிட்டீங்க? இல்லல்ல? அப்ப அவளும் ரவாங்குக்குப் போனா கெட மாட்டா. போவட்டும் லா."

பெரியப்பா வெகு நேரம் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அப்பாவிடம், "ஒன் புள்ள, ஒன் இஷ்டம்டா," என்றார். அப்பா உடனே சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, "போயிட்டு வா," என்றார், முதலிலிருந்தே அதுதான் தன் முடிவு என்பதுபோல். நான் எழுந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டேன். அதற்கு முன்னால் அவரை நான் கட்டிக்கொண்டதே இல்லை.

விஷயம் லயம் முழுவதும் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. எல்லாரும் சிரித்தது பெரியப்பாவை நினைத்துத்தான். ஆனால் என் எண்களை வாங்கிப்போன அக்காமார்கள் சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்கள். டிரெசர் வீட்டுக்காரி நேரே வந்து, "அப்ப ரெண்டு வருஷமா எங்க வீட்டுல நாங்க எதத்தான் மறைச்சுக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டார். நோட்டின் முதல் பக்கத்தில் "இந்த எண்கள் எங்கள் மெஷினுக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மற்றபடி நான் ரவாங் போவதில் ஊருக்கு இருந்த ஒரே கவலை, இனிமேல் சனிக்கிழமை யார் படம் பார்த்துச் சொல்வார்கள் என்பதுதான்.

கிளம்ப வேண்டிய திங்கள் வந்தது. அப்பா விடியலிலேயே லோரி எடுத்துப் போய்விட்டார். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. என் பெட்டியை ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொண்டு தோட்டத்து முச்சந்திக்கு நடந்தோம். பஸ் வர நேரம் இருந்தது. நான் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை எண்கள் மட்டும் தப்பாக இல்லாமல் இருந்திருந்தால் பெரியப்பா முதலிலேயே கரைந்திருப்பார், இவ்வளவு கூத்து நடந்திருக்காது என்று சொல்லிச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "எந்திரிச்சு வந்தது நம்பராலதான்," என்றாள். "வந்ததும் திரும்பிப் பாத்தேன். செருப்பு கட்டம்னு தெரிஞ்சுச்சு. நீ பாய தட்டுனதும் தெரிஞ்சுச்சு. நகராம நின்னது நான்தான்."

எனக்குப் புரியவில்லை. "ஏம்மா?"

"அவரு அத பாத்தா சரின்னு சொல்லிருவாருன்னு தெரியும். நானே அழுதேன்ல. நீ போயிருவ." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு நீ போறது புடிக்கல."

முதலில் வந்தது கோபம்தான். என் வாழ்க்கையையே மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாளே என்று சுருக்கென்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கடிதம் வந்த நாளிலிருந்து நான் அப்பாவைக் கேட்டேன், அப்பா பெரியப்பாவைக் கேட்டார், பெரியம்மா கேட்காமலேயே பதில் சொன்னார். அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுக்கும் ஒரு பதில் இருக்கும் என்றே நினைக்கவில்லை.

பஸ் வளைவில் திரும்பியது. "இப்ப கேக்கிறேன்மா," என்றேன். "நான் போகட்டுமா?"

பஸ் வந்து நின்றது. அம்மா பெட்டியைத் தானே தூக்கிப் படியில் வைத்தாள்.

"போ," என்றாள்.